தூக்கணாங்குருவிக்குச் சாயம்

“...அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. மொதல்ல அவுக கையக் காட்டச் சொல்லுங்க.”

இதைச் சொன்னது கல்யாணப் பெண். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு தறி வீட்டில், நாங்கள் பெண் பார்க்கப் போயிருந்தபோது. அவளுடைய தகப்பனார் எங்களிடம் அருப்புக்கோட்டையில் மழை உண்டா, பஸ்ஸு நேரத்துக்கு வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். குனிந்த தலையோடு காப்பித் தட்டுடன் வர வேண்டியவளின் குரல் மட்டும் உள் நடையிலிருந்து முதலில் வந்தது. தறியை ஒட்டிப் பாய் விரித்து உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் உள் நடையைத் திரும்பிப் பார்த்தோம்.

மாப்பிள்ளையாக வந்திருந்தவன் என் தாய்மாமன் மகன். என் வயதுதான். எனக்கு மச்சான். அவன் கை இரண்டும் மடியில் போட்டிருந்த துண்டுக்கு அடியில் இருந்தன. ஏன் அங்கே இருந்தன என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு குருவியின் கதையைச் சொல்ல வேண்டும். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கும். நடந்தது எழுபதுகளின் தொடக்கத்தில்.

அருப்புக்கோட்டைக்கு வெளியே, பரளச்சிக்குப் போகிற பாதையில், ஒரு பெரிய கிணற்றை ஒட்டி எங்கள் சாயப்பட்டறை இருந்தது. மச்சான் அங்கே சாயம் போடுகிறவன். நான் சாயம் ஏறிய நூல் கழிகளை, அதாவது சுற்றி முறுக்கிய நூல் கட்டுகளை, சைக்கிளில் கட்டிக்கொண்டு தறி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஊர் ஊராகப் போய் நாலு பேர் வாயைக் கிளறுவதைவிடப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

தறி வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நூலை இறக்கியதும் வாங்கிவிட மாட்டார்கள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக்கொண்டு வந்து கழியை அழுத்தித் தேய்ப்பார்கள். துணியில் நிறம் ஒட்டினால் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், அந்தத் துணியை என் சைக்கிள் கேரியர் மேல் எறிந்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நூலைத் திருப்பிக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். துணி வெள்ளையாகவே இருந்தால் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். சரக்கு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். மச்சான் போட்ட சாயத்துக்கு ஒருநாளும் என் கேரியரில் துணி விழுந்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு, எனக்கு அவனைவிட அதிகம்.

ஆனால் கை. வருஷக்கணக்காகத் தொட்டிக்குள் முங்கி முங்கி அவன் கை மணிக்கட்டுவரை ஒரு நிறமாகிவிட்டிருந்தது. நீலம் என்றும் சொல்ல முடியாது, அரக்கு என்றும் சொல்ல முடியாது. நகக்கண் எல்லாம் கறுப்பு. காரியாபட்டியில் முதலில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பலகாரத் தட்டை எடுக்க அவன் கையை நீட்டியதும் பெண்ணின் அத்தைக்காரி தட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மறுநாள் ஆள் வந்து சொன்னான்: “பையன் தங்கமான பையனாம். கையப் பாத்தாத்தான் சோத்த அள்ளி வைக்க மனசு வரலையாம்.”

மச்சான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டான். அதற்குப் பிறகு யாராவது வீட்டுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தான்.

அப்புறம் திருச்சுழிப் பக்கத்து இடம் வந்தது. அந்த வீட்டை அவனுக்கு முன்பே தெரியும். ஒருநாள் என்னோடு சைக்கிளில் சும்மா வந்தவன், நான் நூல் இறக்கும்போது தெருமுனைப் புளிய மரத்தடியில் நின்றிருந்தான். அந்தப் பெண் நூலைத் தேய்த்துப் பார்த்ததை அங்கேயிருந்து பார்த்திருக்கிறான். வீடு திரும்பி இறங்கும்போது சொன்னான்: “மாப்ள, எல்லாப் பொண்ணும் கழிய வெளிப்பக்கம் தேய்ப்பாக. இவ பிரிச்சு உள்பக்கம் தேய்க்கா.” எனக்கு அது போதும். அவனுக்கு அந்த வீடுதான் வேண்டும், அந்தப் பெண்தான் வேண்டும். அந்தப் பெண் அவனை வேண்டாம் என்றால் என்ன செய்வான் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி பிறக்கப்போகிறது, ஆவணியில் வாருங்கள் என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். ஆக மச்சானுக்கு முழுசாக ஒரு ஆடி மாதம் கிடைத்தது. அதற்குள் அவன் திட்டம் போட்டுவிட்டான். பெண் பார்க்கப் போவதற்கு முதல்நாள் பிளீச்சிங் பவுடரில் கையை ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேய்த்து வெளுத்துவிடுவது. டவுனில் ஒரு டைலரிடம் கைக்கடிகாரமும் டெரிலின் சட்டையும் இரவல் வாங்குவது. “கையப் பாக்கப் போற கண்ணு வாச்சப் பாத்துட்டு நின்னுரும்ல,” என்றான். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அந்த ஆடி நடுவில் எங்கள் பக்கம் அபூர்வமாக ஒரு மழை பெய்தது. கரிசல் முழுக்க ஒரே வாரத்தில் புல் எழுந்து நின்றது. புல் எழுந்ததோ இல்லையோ, தூக்கணாங்குருவிகள் வந்துவிட்டன.

எங்கள் கிணற்றின்மேல் ஒரு கருவேல மரம் சாய்ந்து நிற்கும். அதன் கிளைகள் தண்ணீருக்கு மேலே தொங்கும். ஆண் குருவிகள் வந்து அந்தக் கிளைகளைப் பங்கு போட்டுக்கொண்டன. மற்ற நாளில் ஊர்க்குருவிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. கூடு கட்டும் காலத்தில் ஆணுக்கு மட்டும் உச்சந்தலையும் நெஞ்சும் மஞ்சளாகிவிடும். அப்பா, அது என்ன மஞ்சள். வெயில் பட்டால் மரத்தில் யாரோ பூவரசம்பூவைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். புல்லை நார் நாராகக் கிழித்துக் கொண்டுவந்து, அலகால் முடிச்சுப் போட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பின்னும். கூடு பாதி ஆனதும், கவிழ்த்த குல்லாய் மாதிரி இருக்கும்போது, பெண் குருவிகள் கூட்டமாக வரும். உடனே அத்தனை ஆணும் அவரவர் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகை அடித்துக் கத்தும் கத்தில் கிணறே எதிரொலிக்கும். பெண் குருவி தூரத்திலிருந்து நிறத்தைப் பார்க்கும், பிறகு கிட்ட வந்து கூட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு நாராக இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும். தங்கிவிட்டால் ஆண் மளமளவென்று கூட்டை முடித்து, கீழே நீளமாக ஒரு குழாய் பின்னும். குழாய் வந்தால் கல்யாணம் முடிந்த வீடு.

நூல் உலர்த்துகிற நேரமெல்லாம் எங்களுக்கு இதே வேடிக்கை. மச்சானின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூலைத் தொட்டியில் ஒருதடவை அமுக்கி எடுப்பதை நாங்கள் ஒரு முக்கு என்போம். அவன் குருவிகளையும் அப்படித்தான் பார்த்தான். “அந்தா, தெக்குக் கிளையில தொங்குறான் பாரு, அவன் மூணு முக்கு. பக்கத்துல உள்ளவன் ரெண்டு முக்கு. கடைசிக் கிளைக்காரன் ஒரே முக்கு, அதுவும் தொட்டி ஆறுனதுக்கப்புறம் போட்டது.” நான் பார்த்தால் எல்லாம் மஞ்சள். அவன் சொன்ன பிறகு பார்த்தால், அடடா, ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள். அந்த மூன்று முக்குக்காரனுக்குப் பெரியவன் என்று பேர் வைத்தோம். கடைசிக் கிளையில் இருந்த மங்கலானவனுக்கு வெளுத்தவன்.

பெண் குருவிகள் வந்தால் நேரே பெரியவன் பக்கம் போகும். பிறகு ரெண்டு முக்குக்காரர்கள் பக்கம். வெளுத்தவன் கிடந்து கத்துவான், சிறகு கழன்றுவிடும்போல அடிப்பான். ஒன்றுகூட அவன் கிளைக்கு வராது. இத்தனைக்கும் அவன் கூடு நல்ல கூடு. மச்சான் கிணற்றுச் சுவரில் குப்புறப் படுத்து அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “பின்னல் ஒரு இடத்துல தொய்யல மாப்ள. தறியில பாவு இழுத்துக் கட்டுன மாதிரி இருக்கு. நிறந்தான் அவனுக்குச் சத்துரு. இவனுக்கும் காரியாபட்டிதான் போல.”

மச்சான் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நிறம் குறைந்தவன் ஒருவன் மரத்தில் இருக்கிறான். ஊரிலேயே நல்ல சாயக்காரன் கிணற்றடியில் இருக்கிறான். வேறு யாருக்காவது இந்த யோசனை வந்திருக்குமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். வந்திருக்காது.

நூல் கொண்டுவருகிற வியாபாரி பாய் ஒருவர், டவுனில் கடை வைத்திருந்தவர், அன்று வந்திருந்தார். அவரிடம் சொன்னோம். அவர் குடையை மடக்கிக்கொண்டே, “குருவிக்கும் ஆர்டர் பிடிச்சிட்டீங்களா? அளவு எடுத்தாச்சா?” என்றார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

நூலுக்குப் போடுகிற சாயம் குருவிக்கு ஆகாது, உடம்பு வெந்துவிடும் என்று மச்சானுக்குத் தெரியும். மஞ்சள் கிழங்கைத் தட்டிக் கொதிக்கவைத்து, கொஞ்சம் படிகாரம் போட்டு வடிகட்டினான். வேலையில் அவன் அவசரப்படுவதே இல்லை. முதலில் ஒரு வெள்ளைக் கோழி இறகை முக்கிக் காயவைத்து நிறம் பார்த்தான். “இன்னும் ஒரு முக்கு,” என்றான். மறுபடி பார்த்தான். பிறகு ஒரு கூடையைக் குச்சியில் முட்டுக்கொடுத்து, அடியில் கம்புத் தானியம் இறைத்து, குச்சியில் கட்டிய நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். யார் யாரோ வந்து தின்றுவிட்டுப் போனார்கள். கடைசியில் வெளுத்தவன் வந்தான். கூடை விழுந்தது.

கையில் பிடித்தபோது அது ஒரு நெஞ்சு மட்டும்தான் என்று தோன்றியது. அவ்வளவு துடிப்பு. மச்சானின் கட்டைவிரலைக் கொத்திக்கொண்டே இருந்தது. அவன் பஞ்சை நனைத்து, உச்சந்தலையிலும் நெஞ்சிலும், இறகு படிந்திருக்கிற திசையிலேயே, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல ஒற்றினான். காயும்வரை ஊதினான். பிறகு உள்ளங்கையை விரித்தான்.

அது பறந்துபோய்க் கிளையில் உட்கார்ந்தது. அல்லா, என்றார் பாய். பெரியவன் மூன்று முக்கு என்றால் இவன் ஐந்து முக்கு. கிணற்றுத் தண்ணீரில்கூட அந்த மஞ்சள் தெரிந்தது. நாங்கள் கூத்தாடாத குறைதான்.

பெண் குருவிகள் வந்தன. கூட்டத்தில் ஒன்று பிரிந்து, நம்ப மாட்டீர்கள், நேரே கடைசிக் கிளைக்கு வந்தது. மச்சான் என் முழங்கையைப் பிடித்த பிடியில் நீலமாகத் தடம் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் தெற்குக் கிளையிலிருந்து ஏதோ கல் எறிந்த மாதிரி வந்தது. பெரியவன். வெளுத்தவன் மேல் விழுந்து, அலகோடு அலகு பின்னி, இரண்டும் சுழன்று கிணற்றுக்குள் பாதி தூரம் இறங்கி, பிரிந்து மேலே வந்தன. பெண் குருவி போய்விட்டது.

அதுவரை பெரியவன் வெளுத்தவனைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஒரே மரத்தில் இருந்தும் கண்டுகொண்டதில்லை. இப்போது விடவில்லை. பெரியவன் ஓய்ந்தால் ரெண்டு முக்குக்காரன் வருவான். அவன் போனால் இன்னொருவன். இரண்டு நாளும் இதே கதை. வெளுத்தவனுக்குப் புல் கிழிக்க நேரமில்லை, தின்ன நேரமில்லை. கூட்டின் நார் காய்ந்து வைக்கோலானது. பாய்தான் அதற்கு அர்த்தம் சொன்னார்: “தான் உண்டு தன் கூடு உண்டுன்னு கிடந்தவனுக்கு நீங்க பயில்வான் பட்டம் கட்டி விட்டுட்டீங்க. இப்ப ஊர்ல உள்ள பயில்வான் எல்லாம் கோதாவுக்குக் கூப்பிடுறான். இவன் எங்கிட்டுப் போவான்?”

எனக்கு அந்தப் பேச்சு மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வாரம் நரிக்குடிக்கு லோடு கொண்டுபோனேன். கண்மாய்க் கரையில் ஒரு ஆண் மயில், தோகையைத் தரையில் இழுத்துக்கொண்டு, கலப்பை இழுக்கிற மாடு மாதிரி நடந்துபோனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், “இம்புட்டுத் தோகைய எதுக்குத்தான் சுமக்குதோ,” என்றேன். அந்த அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னது: “அம்புட்டையும் இழுத்துக்கிட்டு நரி வாய்க்குத் தப்பிச்சு வந்துருக்கான்ல. அதத்தான் பொட்டை பாக்குது. நீயும் நானும் பூவப் பாக்குறோம்.”

சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து எனக்குப் பறவையைப் பார்க்கிற கண்ணே மாறிப்போயிற்று. தந்திக் கம்பியில் அழுக்குத் துணி மாதிரி உட்கார்ந்திருக்கிற பனங்காடை, எழுந்து சிறகை விரித்ததும் நீல நீலமாக வெடிக்குமே, ஆகாசத்துக்குப் போய்க் குட்டிக்கரணம் போட்டு இறங்குமே, அது எதற்கு என்று புரிந்தது. அந்தக் கரணத்தைச் சோனி போட முடியாது. இதெல்லாம் பிற்பாடு டவுன் நூலகத்தில் பறவைப் புத்தகங்கள் தேடிப் படிக்கிற கிறுக்கில் கொண்டுபோய் விட்டது. பறவையின் மஞ்சள் பெரும்பாலும் அது தின்பதிலிருந்து வருகிறதாம். உடம்புக்குப் போக மிஞ்சினால்தான் இறகுக்கு. நோயும் பசியும் முதலில் நிறத்தில் கைவைக்கும். நிறம் என்பது உள்ளேயிருந்து வெளியே எழுதிப் போட்ட சேதி. படித்தபோது கிணற்றடியில் நாங்கள் செய்தது என்ன என்று விளங்கி, நூலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பொய்ச் சேதி எழுதியிருக்கிறோம். பெண் குருவி அதைப் படிப்பதற்கு முன்னால் ஆண் குருவிகள் படித்துவிட்டன.

இன்னும் முடியவில்லை. மூன்றாம் நாள் நான் பட்டறைக்குள் நுழையும்போது மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கருவேல மரத்தைக் காட்டினான். கடைசிக் கிளையில் சிவப்புத் தலையோடு ஒரு குருவி.

நூலை அவித்து அலசுகிற தண்ணீர், சோடா கலந்தது, வெளியே ஒரு குழியில் தேங்கி நிற்கும். அடிபட்டு அலுத்துப்போன வெளுத்தவன் அதில் போய்க் குளித்திருக்கிறான். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எந்த வீட்டுக்கும் தெரியும். அருப்புக்கோட்டையின் கெட்டிச் சாயக்காரன் அதை மறந்துவிட்டான். ஈரத் துணியால் தேய்த்துப் பார்க்கிற வழக்கத்தில் ஊர் முழுக்கத் தேறி வந்தவன், இந்த ஒரு சரக்குக்கு மட்டும் அந்தச் சோதனையை யோசிக்கவில்லை.

பாய் மட்டும் அன்று கலகலப்பாக இருந்தார். “ஆரத்தி எடுக்க வேண்டியது உனக்குல்ல இருந்துச்சு. குருவி முந்திக்கிச்சே,” என்றார். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்புத் தலையைக் கண்டு இப்போது ஆண்களும் வரவில்லை, பெண்களும் வரவில்லை. மரத்தில் அவனைச் சுற்றி ஒரு வெற்றிடம். கொண்டுவந்த சோற்றை மச்சான் திறக்கவில்லை. “அவன் கட்டுன கூட நம்பி அவன விட்டிருக்கணும் மாப்ள,” என்றான்.

அடுத்த நாள் சாயங்காலம் வானம் கறுத்து, இன்னொரு மழை கொட்டியது. பிறகு நல்ல வெயில். வெயிலில் மஞ்சள் நிற்காது, அதுவும் சாயக்காரனுக்குத் தெரிந்த பாடம்தான். நாலைந்து நாளில் வெளுத்தவன் பழைய வெளுத்தவன் ஆனான். பெரியவன் அவனைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினான். வெளுத்தவன் காய்ந்த நாரைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பச்சைப் புல் கொண்டுவந்து மறுபடி பின்ன உட்கார்ந்தான். மச்சான் கிணற்றுச் சுவரில் மறுபடி குப்புறப் படுத்தான்.

ஆவணி பிறந்து, திருச்சுழிக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. காலையில் அவனை அழைத்துப்போகப் பட்டறைக்கு வந்தேன். வெளுத்த வேட்டியும் அவனே சாயம் போட்ட நூலில் நெய்த சட்டையுமாக நின்றான். மணிக்கட்டு காலியாக இருந்தது.

“வாச்சு எங்க மச்சான்?”

“டைலருக்குத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

“ஏன்?”

“அது ஓடலைடா. எவனாச்சும் மணி கேட்டா என்ன சொல்றது?”

“போன வாரமே ஓடலைன்னு உனக்குத் தெரியும்ல.”

அவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கையைப் பார்த்தேன். பிளீச்சிங் பவுடர் டப்பா பிரிக்காமல் சுவரோரம் இருந்தது. கை நேற்றிருந்த கைதான்.

“அங்கிட்டுப் பாரு,” என்றான்.

கடைசிக் கிளையில் வெளுத்தவன் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துக்கொண்டிருந்தான். அவன் கூட்டுக்குள் ஒரு பெண் குருவி. வால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளே ஒரு நாரைப் பிடித்து இழுப்பது கூடு ஆடுகிற ஆட்டத்தில் தெரிந்தது. இழுத்தது, விட்டது, இன்னொன்றைப் பிடித்தது. ரோட்டில் திருச்சுழி பஸ்ஸு ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு மத்தியானம் ஆகும். முடிவு தெரியாமலே ஓடிப்போய் ஏறினோம். கேட்கிறவர்கள் இந்த இடத்தில் என்னை அடிக்க வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மறுநாள் நாங்கள் பார்த்தபோது அந்தக் கூட்டுக்கு அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் குழாய் முளைத்திருந்தது. ஆனால் பஸ்ஸில் போகும்போது அது எங்களுக்குத் தெரியாது. மச்சான் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கருவேல மரமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

திருச்சுழி தாண்டி இறங்கி நடக்கும்வரை தைரியமாகத்தான் இருந்தான். தறிச் சத்தம் கேட்டதும் தைரியம் போய்விட்டது. வாசலில் செருப்பை விடும்போதே தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டான். உட்கார்ந்ததும் கை அதற்கடியில் போயிற்று.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது, கையைக் காட்டச் சொல்லுங்கள் என்று.

தகப்பனாருக்கு முகம் சுண்டிவிட்டது. “ஏத்தா, வந்தவுககிட்ட என்ன பேச்சு இது.”

“நூலு வாங்குறப்ப பாக்குறோம்ல,” என்றது குரல். “போன வருசம் ஒரு பட்டறை நூலு சாயம் விட்டு, பாவு முச்சூடும் பாழாப் போச்சு. நாலு மாசம் நான் மிதிச்ச தறி. சாயக்காரவுகன்னு சொன்னீக. அதான் கேக்குறேன்.”

எனக்குக் காரியாபட்டித் தட்டு நினைவுக்கு வந்தது. மச்சான் என்னைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இரண்டு கையையும் முழங்காலின் மேல் விரித்து வைத்தான். நீலமும் அரக்கும், கறுத்த நகங்களும், கட்டைவிரலில் குருவி கொத்திய சின்னத் தழும்பும் எல்லாருக்கும் தெரியும்படி.

அவள் வெளியே வந்தாள். கையில் காப்பித் தட்டு இல்லை. நனைத்துப் பிழிந்த ஒரு வெள்ளைத் துணி இருந்தது. அதைத் தகப்பனாரிடம் கொடுத்து, “தொடைக்கச் சொல்லுங்க. நல்லா அழுத்தி,” என்றாள்.

துணி கைமாறி மச்சானிடம் வந்தது. அவன் தேய்த்தான். புறங்கையைத் தேய்த்தான். திருப்பி உள்ளங்கையை, விரல் இடுக்கை, ஒவ்வொரு நகக்கண்ணையும், தோல் சிவக்கிறவரை தேய்த்தான். எத்தனையோ வருஷமாக ஏறி நின்ற நிறம். தேய்த்து முடித்துத் துணியைத் திருப்பி நீட்டினான். இந்தத் தடவை தகப்பனார் குறுக்கே வரவில்லை, அவளே வாங்கிக்கொண்டாள்.

தறிக்குப் பக்கத்து ஜன்னலின் வெளிச்சத்தில் அதை விரித்துப் பிடித்தாள். ஒருபுறம் பார்த்தாள். திருப்பி மறுபுறம் பார்த்தாள். பிறகு உதறி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.